தலைப்புச் செய்தி இல்லாத தேத்தண்ணி நேரம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஒரு மடையன். இதை என் மனைவி கல்யாணமான நாளிலிருந்து சொல்லிவருகிறாள். ஆனால் அவள் சொல்வது கடைக்குப் போய் உப்பை மறந்துவிட்டு வருகிற சாதாரண மடத்தனம். நான் எழுத வந்தது மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு, டை கட்டிக்கொண்டு, திட்டம் போட்டுச் செய்த மடத்தனம். பெண்கள் நிரை நிரையாக உட்கார்ந்து வேலை செய்கிற ஒரு மண்டபத்தின் பின்சுவர் வெடித்துக்கொண்டிருந்தபோது, அந்த வெடிப்பின் மேல் பெனர் கட்டி மறைத்தவன் நான். பெனரில் ஒரு சூரியன் இருந்தது. அது சிரித்துக்கொண்டிருந்தது.

குண்டசாலையைத் தாண்டி பன்வில பக்கம் ஏறுகிற வழியில், மலையை வெட்டிச் சமப்படுத்திய ஒரு துண்டு நிலத்தில் எங்கள் தொழிற்சாலை இருக்கிறது. தேயிலை, கறுவா, கராம்பு, ஏலம் எல்லாவற்றையும் அழகான பெட்டிகளில் போட்டு வெளிநாட்டுக்கு அனுப்புகிறோம். மலையை வெட்டியவர்கள் வெட்டாத பாதியை அப்படியே விட்டிருந்தார்கள். அந்த மண்மேடு எங்கள் பெக்கிங் மண்டபத்தின் பின்சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றது. மடுல்கெல்லப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து கம்பனி வேனில் வருகிற பெண்கள் அந்தச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்து பெட்டி மடிப்பார்கள்.

நான் அங்கே மனிதவள முகாமையாளர். கேட்கப் பெரிதாக இருக்கும். யார் வேலையை விட்டுப் போகப் போகிறார்கள் என்று மோப்பம் பிடிப்பதும், போகாமல் இருக்க ஏதாவது கூத்துக் காட்டுவதும்தான் வேலை. அந்த நாட்களில் ஆட்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். ஒருத்தி கார்மெண்ட்டுக்கு, ஒருத்தி குவைத்துக்கு, ஒருத்தி கொழும்பில் ஒரு வீட்டுக்கு. என்னை இந்தப் பதவிக்கு எடுத்ததற்குக் கம்பனிப் பணிப்பாளர் சொன்ன காரணம் ஒன்றுதான். இவன் இருக்கிற இடத்தில் சிரிப்புச் சத்தம் கேட்கிறது, சிரிக்கிறவர்கள் வேலையை விட்டுப் போகமாட்டார்கள். என் படிப்பைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்வதற்கும் பெரிதாக ஒன்றுமில்லை.

உண்மையில் சிரிப்பை உண்டாக்கியவன் நானும் இல்லை. பெக்கிங் பகுதிக்கு ஒரு சூப்பர்வைசர் அக்கா இருந்தார். என்னைவிடப் பத்து வயது கூடியவர், குரலோ இருபது வயதுக் குரல். காலைத் தேத்தண்ணிக்கு மணி அடித்ததும் பிளாஸ்டிக் கோப்பையை மைக் மாதிரிப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பார். எல்லாரும் வாயை மூடுவார்கள். வானொலிக்காரர் மாதிரித் தொண்டையைச் செருமிவிட்டு ஆரம்பிப்பார்.

"வணக்கம். தலைப்புச் செய்திகள். பொம்பளைங்க கக்கூஸ் கதவுக்குக் கொண்டி இன்னைக்கும் மாட்டல. தேத்தண்ணிக்குள்ள தேயிலையத் தேடுற பணி தொடருது. வத்தேகம வளைவுல வேன் டிரைவர் பிரேக்க மறந்துட்டாரு, நாங்க சாமிய மறக்கல."

கடைசியில் காலநிலை அறிக்கை. அதில் பெரும்பாலும் கொழும்பில் பணிப்பாளரின் அறையில் இடி மின்னல் இருக்கும், அல்லது என் மண்டையில் முடி வீழ்ச்சி இருக்கும். ஒருவருடைய முழங்கால் வலி, இன்னொருவருடைய மாமியார், மூன்றாவது மின்விசிறியின் முனகல், எல்லாம் செய்தியில் வந்துவிடும். நானும் கோப்பையோடு போய்க் கதவில் சாய்ந்து கேட்டுச் சிரித்துவிட்டு வருவேன். கொண்டி அன்று பின்னேரமே மாட்டப்பட்டுவிடும். மின்விசிறிக்கு எண்ணெய் விழும். அது ஒரு முறைப்பாட்டு முறை என்று எனக்குத் தோன்றவேயில்லை. அக்காவுக்குப் பகிடியும் கேலியும் அதிகம் என்று மட்டும் நினைத்திருந்தேன்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டிக்குக் குறுக்கே கொழும்பில் ஒரு கருத்தரங்கு வந்தது. பெரிய ஹோட்டல், கால் புதைகிற கம்பளம், ரோஸ் நிற டை கட்டிய ஒரு பயிற்றுநர். ஊழியர்களைப் பிடித்துவைக்கிற வேலைத்தளக் கலாசாரம் என்பதுதான் தலைப்பு. குறை சொல்லும் பேச்சு ஒரு தொற்றுநோய் என்றார் அவர். ஒருவர் இருமினால் எல்லாருக்கும் பரவும் என்றார். நான் மதியம் மூன்று வட்டிலப்பம் சாப்பிட்டிருந்தேன். அந்த மயக்கத்தில் கேட்டதெல்லாம் வேதமாக இறங்கியது. திரும்பும்போது கடுகண்ணாவ ஏற்றத்தில் ரயில் மூச்சுவாங்கிய நேரத்தில் எனக்கு அந்த யோசனை உதித்தது. ரயில் அங்கே தடம்புரண்டிருந்தால்கூட இழப்பு குறைவாக இருந்திருக்கும்.

யோசனையின் பெயர் குறையில்லா மாதம். எந்தப் பகுதியில் ஒரு மாதம் முழுக்க யாரும் குறையே சொல்லவில்லையோ, அந்தப் பகுதிக்கு மாதக் கடைசி வெள்ளிக்கிழமை கேக். கண்டி டவுனில் சொல்லிச் செய்த, ஐசிங் ரோஜா வைத்த பெரிய கேக். யாராவது குறை சொன்னால் அவரே போய் ஒரு மணியை அடித்துவிட்டு எல்லாருக்கும் முன்னால் ஒரு பாட்டுப் பாட வேண்டும். அந்தப் பகுதிக்குக் கேக்கும் இல்லை. மணியை நானே தேடி வாங்கினேன். கோயிலில் தொங்குவது மாதிரி வெண்கலம், ஆனால் சின்னது. பெக்கிங் மண்டப வாசலுக்கு மேலே மாட்டினோம். ஸ்டோர் பொறுப்பாளர் ஆணி பிடித்தார். அக்குறணைக்காரர், முஸ்லிம்; அண்ணன் முறையில் நாங்கள் எல்லாரும் நானா என்றுதான் கூப்பிடுவோம். மணியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இதை அடித்தால் பூசை தொடங்குமா, பள்ளிக்கூடம் விடுமா என்று கேட்டார்.

முதலில் அகப்பட்டவன் நான்தான். இரண்டாம் நாளே கன்டீனில் நின்று, ச்சே, என்ன மழை இது என்றேன். எனக்குப் பதிலாக நானா ஓடிப்போய் மணியை அடித்துவிட்டார். நான் பாடினேன். வெளியில் படுத்திருந்த நாய் எழுந்து போனது. அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் இந்தத் திட்டம் வெற்றி என்று முடிவுகட்டினேன்.

பெக்கிங் பகுதிதான் முதல் மாதம் கேக் வாங்கியது. அந்தப் பெண்களில் யாரும் ஒரு வாய்கூட வைக்கவில்லை என்பதைக் கவனித்தேன். ஆளுக்கொரு துண்டை டிஷ்யூவில் சுற்றிச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார்கள். மடுல்கெல்லவில் பிள்ளைகள் காத்திருந்தார்கள். ஐசிங் ரோஜா யாருக்கு என்பதற்குத் தோட்டத்து லயத்து வீடுகளில் சண்டையே நடந்ததாம். அடுத்த கேக் எப்போது என்று அக்காவின் கடைக்குட்டி தினமும் கேட்கிறாளாம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஈடுபாடு என்றால் இதுதானே என்று அறிக்கையில் எழுதினேன்.

செய்தி வாசிப்பு நின்றுபோனது. அக்கா எழுந்து நின்றால் வாயைத் திறக்கும் முன்பே பக்கத்திலிருப்பவள் சேலையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். நான் கதவில் சாய்ந்து, அக்கா, இன்னைக்கு செய்தி இல்லையா என்று கேட்பேன். ஒலிபரப்பு நிறுத்தம் சேர் என்று கையை விரிப்பார். முதல் வாரம் எல்லாரும் சிரித்தார்கள். பிறகு நான் மட்டும் சிரித்தேன். பிறகு நானும் கேட்பதை விட்டுவிட்டேன். தேத்தண்ணி நேரத்தில் கோப்பை உறிஞ்சும் சத்தமும், கூரைத் தகரத்தில் மழை விழுகிற சத்தமும் மட்டும் கேட்டன. மழை அந்த வருடம் விடவே இல்லை. மலையில் மேகம் இறங்கினால் மத்தியானத்திலும் மண்டபத்தில் லைட் போட வேண்டியிருந்தது.

அந்த வெளிச்சத்தில் நான் பார்த்தவற்றைச் சொல்கிறேன். பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன்.

மண்டபக் கதவு பிடிக்கத் தொடங்கியது. முதலில் கையால் தள்ளினால் திறந்தது, பிறகு தோளால் இடிக்க வேண்டியிருந்தது. ஒரு நாள் இடித்துவிட்டு, என்ன இந்தக் கதவுக்கு என்று வாய் வரைக்கும் வந்தது. தலைக்கு மேலே மணி தொங்கியது. வாயை மூடிக்கொண்டேன். பக்கத்தில் நின்ற நானா என் முகத்தைப் பார்த்துவிட்டு, கதவு நல்லாத்தான் ஈக்கி சேர் என்றார். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே ஆளுக்கொரு பக்கம் போய்விட்டோம்.

பின்சுவர் அடியில் ஒரு வாளி வந்தது. அதில் தேத்தண்ணி நிறத்தில் நீர் சேர்ந்தது. வாளி இரண்டானது. யாரும் வைத்ததாகச் சொல்லவில்லை, யாரும் ஊற்றியதாகவும் சொல்லவில்லை. ஆனால் வாளி ஒருபோதும் நிரம்பி வழியவில்லை.

பிறகு ஸ்டூல்கள். பெண்கள் உட்காரும் நிரைகள் சுவரை விட்டு நகர்ந்தன. ஒரு நாளும் யாரும் நகர்த்தியதை நான் பார்க்கவில்லை. ஆனால் திங்கட்கிழமை சுவரோரம் இருந்த ஸ்டூல் அடுத்த திங்கள் மண்டபத்தின் நடுவில் இருந்தது. முன்பக்கம் முழங்கையோடு முழங்கை இடித்துக்கொண்டு வேலை செய்தார்கள். பின்பாதி காலியாகக் கிடந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? படம் எடுத்தேன். ஊழியர்களிடையே வளர்ந்துவரும் நெருக்கம் என்று கீழே எழுதிப் பணிப்பாளருக்கு அனுப்பினேன். அவர் பதிலுக்குக் கட்டைவிரல் படம் போட்டார்.

அந்தக் காலியிடத்தில்தான் வெடிப்பைப் பார்த்தேன். கூரை வளையிலிருந்து ஜன்னல் மூலைவரை, மின்னல் இறங்கின மாதிரி. தொடர்ந்து மூன்று மாதம் கேக் வாங்கிய பகுதி என்று பெக்கிங் பகுதிக்குப் பெரிய விழா எடுக்கத் தீர்மானித்திருந்தோம். கொழும்பிலிருந்து பணிப்பாளர் வருகிறார். படத்தில் இந்தக் கோடு விழுந்தால் அசிங்கம் என்று பட்டது. நானாவைக் கூப்பிட்டு, பெனரை இந்த இடத்தில் கட்டுவோம் என்றேன். அவர் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாசல் மணியைப் பார்த்தார். இங்கயா சேர் என்று மட்டும் கேட்டார். ஏன் நானா, ஏதும் குறை இருக்கா என்றேன், கண்ணைச் சிமிட்டிக்கொண்டு. குறையெல்லாம் ஒண்டுமில்ல என்றார். ஆணி இரண்டே அடியில் வெண்ணெய்க்குள் இறங்குவது போல் இறங்கியது. சுவரே ஒத்துழைக்குது பாருங்க என்று நான் பகிடி விட்டேன். அவர் சிரிக்கவில்லை.

பெனரைக் கட்டும்போது கயிறு தொய்வாகத்தான் இருந்தது. சூரியனின் முகத்தில் ஒரு மடிப்பு விழுந்திருந்தது. மறுநாள் மடிப்பு இல்லை. அதற்கு மறுநாள் கயிறு விறைத்து நின்றது, விரலால் சுண்டினால் சத்தம் வரும் அளவுக்கு. சூரியனின் வாய் நாளுக்கு நாள் அகன்றுகொண்டே போனது. சுவர் முன்னால் புடைத்துக்கொண்டு வருகிறது என்று விளங்காமல் இருக்க நான் குழந்தை இல்லை. வெள்ளிக்கிழமை முடியட்டும், திங்கட்கிழமை சுவர் கட்டுகிற ஒரு மேசன் பாஸைக் கூட்டிவந்து காட்டலாம் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். குறையில்லாமல் வைத்திருக்கும் பொறுப்பு எனக்கும் இருந்ததே.

வெள்ளிக்கிழமை விடியும்போதே மழை. பன்வில ரோட்டில் ஒரு இடத்தில் மண் இறங்கியிருந்ததால் வேன் பிந்தி வந்தது. பெண்கள் நனைந்துகொண்டே இறங்கினார்கள். பணிப்பாளர் குடையும் புன்னகையுமாக வந்தார். கேக்கை வைத்திருந்த மேசை பெனருக்கு நேர் கீழே. படம் எடுக்க வேண்டும், எல்லாரும் பின்னால் வாருங்கள் என்று கையைத் தட்டினேன். பெண்கள் எழுந்து வந்து சுவருக்கும் மேசைக்கும் நடுவே நின்றார்கள். பல நாட்களுக்குப் பிறகு அந்தப் பாதிக்கு வந்திருந்தார்கள். யாரும் சுவரில் முதுகு படாமல் நின்றார்கள்.

பணிப்பாளர் பேசத் தொடங்கினார். நல்ல கலாசாரம் என்பது கட்டிடத்தில் இல்லை, மனிதர்களில் இருக்கிறது என்றார். அப்போது பெனருக்குப் பின்னாலிருந்து சோளம் பொரிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. சின்னச் சத்தம்தான். கேக்கின் மேல் வெள்ளையாகக் கொஞ்சம் தூள் விழுந்தது. ஐசிங் சீனி என்று நினைத்திருப்பார் போல, பணிப்பாளர் பேச்சை நிறுத்தவில்லை.

அக்கா நிரையிலிருந்து விலகி வாசலுக்கு நடந்து போய் மணியை அடித்தார்.

ஒரு தடவை அடித்தால் போதும் என்பது விதி. அவர் விடாமல் அடித்தார். பணிப்பாளர் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். மூன்று மாதச் சாதனை உடைகிறதே என்று பயந்தேன். பயப்பட வேறு காரணம் இருந்தது, ஆனால் பயந்தது இதற்குத்தான்.

"குறை ஒண்ணு இருக்குங்க. சட்டப்படி பாட்டுப் பாடணும். வெளியில வச்சுப் பாடுறேன், எல்லாரும் வாங்க. பெரிய ஐயாவும் வாங்க."

பணிப்பாளருக்குப் பிடித்துவிட்டது. சிரித்துக்கொண்டே குடையை எடுத்தார். நானும் சிரித்தேன். பெண்கள் மட்டும் சிரிக்கவில்லை. அவர்கள் ஏற்கெனவே நடக்கத் தொடங்கியிருந்தார்கள். யாரும் ஓடவில்லை, யாரும் தள்ளவில்லை. பிடிக்கிற கதவை நானா முதுகால் அழுத்தித் திறந்து வைத்திருந்தார். ஒவ்வொருவராக அந்த இடுக்கால் வெளியே போனார்கள். ஓடியிருந்தால் அந்தக் கதவில் என்ன நடந்திருக்கும் என்று இப்போதும் நான் யோசிப்பதைத் தவிர்க்கிறேன்.

அக்கா முற்றத்தில் தூறலில் நின்று பாடினார். பள்ளிக்கூடத்தில் காலையில் பாடுகிற தேவாரம். எங்களைப் பார்த்து அல்ல, மண்டபத்தைப் பார்த்து. பாடிக்கொண்டே வலது கைவிரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். தாளம் போடுகிறார் என்று நினைத்தேன். ஆட்களை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். நானா கடைசியாக வந்து கதவை விட்டார். விரல்கள் நின்றன, பாட்டும் நின்றது. பணிப்பாளர் கை தட்டினார்.

அவர் தட்டி முடிக்கும் முன் கயிறு அறுந்த சத்தம் கேட்டது. பிறகு சுவர் வந்தது. சுவருக்குப் பின்னால் மலை வந்தது. இடி மாதிரி இருக்கும் என்று நினைத்தால் அப்படி இல்லை, பெரிய மிருகம் ஒன்று படுக்கையில் புரண்டு படுக்கிற மாதிரி ஒரு சத்தம். ஸ்டூல்கள், மேசை, கேக், கூரையின் ஒரு பக்கம் எல்லாம் அந்தச் சிவப்பு மண்ணுக்குள் போயின. மணி இரண்டு தடவை தானாக அடித்துவிட்டு உள்ளே விழுந்தது. முற்றம் முழுக்க நனைந்த கராம்பு வாசனை வந்தது.

யாரும் அழவில்லை. ஒருத்தி மட்டும் சாப்பாட்டுப் பெட்டி உள்ளே போய்விட்டது என்று மெதுவாகச் சொன்னாள். உடனே வாயைப் பொத்திக்கொண்டாள், அது குறை சொன்னதாகிவிடுமோ என்று.

ஏன் யாரும் முன்னமே சொல்லவில்லை என்று பணிப்பாளர் கேட்டார். அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கேக் வெட்டி முடியட்டும்னு இருந்தோம். பிள்ளைங்களுக்குச் சொல்லிட்டோம்."

கதை இங்கே முடிந்திருந்தால் எல்லாரும் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து, நான் திருந்தி, மணியை உருக்கிக் குத்துவிளக்குச் செய்திருப்போம். அடுத்த வாரம் விசாரணை வந்தது. கொழும்பிலிருந்து இரண்டு பேர் வந்து மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள். சுவரைப் பற்றி யாராவது எப்போதாவது முறைப்பாடு செய்தார்களா என்று கேட்டார்கள். இல்லை. மூன்று மாதமாக ஒரு முறைப்பாடும் இல்லை, அதற்கு நான் எழுதிய அறிக்கைகளே சாட்சி, படங்களோடு. ஆபத்தைக் கண்டும் அறிவிக்காதது சூப்பர்வைசரின் தவறு என்று அவர்கள் முடிவுக்கு வந்தார்கள். அந்தப் போட்டி என் யோசனை என்று நான் எழுந்து சொன்னேன். என் வாழ்க்கையில் பகிடி கலக்காமல் சொன்ன வாக்கியங்கள் சிலதான், அதில் இது ஒன்று. பணிப்பாளர் என் தோளைத் தட்டினார். அந்தப் பெண்கள் எவ்வளவு ஒழுங்காக வெளியே வந்தார்கள் பார்த்தாயா, அதுதான் நீ கட்டிய கலாசாரம், அதை விட்டுவிடாதே என்றார்.

அக்காவுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுக்கச் சொன்னார்கள். மனிதவளம் என்றால் அதுவும் என் மேசைதான். முடிந்த அளவு இனிமையாக எழுதினேன். அவர் வாசிக்கவில்லை. எங்கே கையெழுத்து என்று கேட்டு, வைத்துவிட்டு, பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

பணிப்பாளர் சொல்லி, மணியை மண்ணிலிருந்து தோண்டி எடுத்துப் புளி போட்டுத் துலக்கி, புதிய இடத்தில் மாட்டியிருக்கிறார்கள். புதிய இடம் என்றால் தொழிற்சாலை வளவின் கீழ்ப்பக்கம், ஓயா என்று நாங்கள் சொல்கிற சிற்றாற்றுக்கு மேலே இருக்கிற பழைய ஸ்டோர். வெள்ளை அடித்து, புது லைட் போட்டு அழகாகத்தான் இருக்கிறது. கேக் போட்டியை நான் நிறுத்திவிட்டேன். நிறுத்தியதை மூன்று மொழியிலும் ஒட்டியிருக்கிறேன். என்ன குறையென்றாலும் என்னிடம் வாருங்கள் என்று ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னேன். தலையாட்டினார்கள். பெக்கிங் மேசையில் அதே வேகம், அதே புன்னகை. இந்த மாதம் ஒருவரும் வேலையை விட்டுப் போகவில்லை.

போன செவ்வாய்க்கிழமை தேத்தண்ணி நேரத்தில் என் கோப்பையை எடுத்துக்கொண்டு அங்கே போனேன். வெளியில் மழை. ஓயாவின் சத்தம் முன்பைவிடக் கிட்டக் கேட்டது. பெண்கள் குனிந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே நுழைந்து இரண்டு எட்டு வைத்த பிறகுதான் பார்த்தேன். ஸ்டூல்கள் எல்லாம் வாசல் பக்கமாக நெருங்கி, முழங்கையோடு முழங்கை இடிக்க இருந்தன. ஓயாப் பக்கத்துப் பாதி காலி. அங்கே, தரையின் மேல், ஒரு வாளி.

என் பிளாஸ்டிக் கோப்பையை மைக் மாதிரி அக்காவின் வாய்க்கு நேரே நீட்டினேன். தேத்தண்ணி கொஞ்சம் சிந்தியது. அக்கா, தயவுசெய்து, இன்றைக்குத் தலைப்புச் செய்தி என்ன என்று கேட்டேன். அவர் வாளியைப் பார்த்தார், வாசலுக்கு மேலே துலங்கிக்கொண்டிருந்த மணியைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"செய்தி ஒண்ணும் இல்லீங்க சேர்."